உள்ளே போகிற தோட்டா எல்லாம் உரிய தோட்டா அல்ல

சென்ற மாதம் ஜெனி ரெலிபோனில் அழைத்தாள். நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த துவக்குக் கடை, அதாவது துப்பாக்கி திருத்துகிற கடை, இப்போது அவளுடையது. அவளுடைய தகப்பன் லெஸ் என் முதலாளியாக இருந்தவர். கடையின் பழைய அட்டைப் புத்தகங்களை எல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றப் போகிறாளாம்.

“டில்லி, பழைய ரிவோல்வர் ஒன்று வந்தால் அதற்கு என்ன தோட்டா போடலாம், என்ன போடக்கூடாது என்று நீ எப்படித் தீர்மானிப்பாய்? இரண்டு பக்கத்தில் எழுதித் தா” என்றாள். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிக் காட்டி, ‘இதிலே போடலாம் என்று எழுதியிருக்கிறதே’ என்று வாதாடுகிறார்களாம்.

இரண்டு பக்கம் இங்கிலிஷில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதில் முறை மட்டும்தான் இருக்கிறது. அந்த முறை என் கைக்கு வந்த விதமும், அதைக் காப்பாற்றப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அந்த இரண்டு பக்கத்தில் அடங்காது. அதைத் தமிழில் எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும். ஏனென்றால் இந்தச் சிட்னியில் நான் என்ன வேலை பார்த்தேன் என்பது எங்கள் ஆட்களில் அநேகருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நாங்கள்தான்.

என் பேர் தில்லையம்பலம். லெஸ் முதல் நாளே அதை ‘டில்லி’ என்று வெட்டிவிட்டார். அது இங்கே பெண்பிள்ளைகளுக்கு வைக்கிற பேர் என்று எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதற்குள் வாடிக்கையாளர் எல்லாருக்கும் பழகிவிட்டது. சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் லேத் மெஷின் பழகினவன் நான். பிரச்சினைகள் தொடங்கி, துவக்கைக் கண்டு ஓடி ஓடி, கடைசியில் சிட்னிக்கு வந்து சேர்ந்தேன். வந்த இடத்தில் கார்ப் பாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நாலு வருடம். அதை மூடினார்கள். பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம்: அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல் கடையக்கூடிய மெஷின்காரர் தேவை. போனேன். போய்ப் பார்த்தால் துவக்குக் கடை. துவக்கைக் கண்டு ஓடி வந்தவன் துவக்குக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தான் என்றால் கேட்கிறவன் சிரிப்பான். என் மனைவி பரமேஸ்வரி சிரிக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, சம்பளம் நல்லதெண்டா போங்கோ. ஆனா கோயிலில, கலியாண வீட்டில ஆரும் கேட்டா மெஷின் வேலை எண்டு மட்டும் சொல்லுங்கோ. துவக்கு எண்டு வாய் திறக்கப்படாது. எங்கட சனம் பட்டது காணும்” என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறுகிறவர்கள் எங்களுக்குள் எத்தனையோ பேர். அவளுடைய சொந்தத் தமையனே அதற்குப் பலியானவர். அதனால் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் யார் கேட்டாலும் நான் ‘மெஷின் வேலை’. அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லெஸ் எனக்கு ஒரு பரீட்சை வைத்தார். ஒரு பழைய ரிவோல்வரின் சிலிண்டரை, அதாவது ஆறு தோட்டா போடுகிற அந்த உருளையை, மேசையில் வைத்தார். பக்கத்தில் மூன்று வெற்றுத் தோட்டாக்கள். மருந்தும் இல்லை, குண்டும் இல்லை, கோதுகள் மட்டும். “இதற்கு எது சரி?” என்று கேட்டார்.

மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றும் உள்ளே போயின. ஒன்று கொஞ்சம் ஆடியது. ஒன்று பரவாயில்லை. மூன்றாவது சும்மா வழுக்கிக்கொண்டு போய், அந்தத் துளையை, துவக்குக்காரர் அறை என்று சொல்வதை, முழுவதும் நிறைத்துக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷின்காரனுக்குப் பொருத்தம்தான் வேதம். துளைக்குத் தண்டு சரியாகப் பொருந்தினால் அதுதான் சரி. அதை எடுத்து நீட்டினேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

லெஸ் கண்ணாடியைக் கழற்றினார். போட்டிருந்த சேட்டு நுனியால் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினால் பதில் வரப் பிந்தும் என்பது பிறகு எனக்குப் பழகிப்போனது. துடைத்து முடித்து, லாச்சியைத் திறந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்தார். அதற்குள் இன்னொரு சிலிண்டர். அதே மாதிரி, அதே அளவு. ஆனால் மூன்று அறைகளின் சுவர் இல்லை. பூசணிப்பூ விரிந்த மாதிரி இரும்பு வெளியே மடிந்து கிடந்தது.

“இந்த மனிசனும் கச்சிதமாகப் பொருந்தியதைத்தான் எடுத்தான். நல்ல மெஷின்காரன்” என்றார்.

“அவருக்கு என்ன நடந்தது?”

“இப்போது இடது கையால் எழுதுகிறான்.”

அதற்குப் பிறகு அந்தப் பிழையை நான் செய்யவில்லை. ஆனால் முதல் நாள் செய்தேன் என்பதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்லியாயிற்று.

விஷயம் இதுதான். இந்த ரிவோல்வர்களைச் செய்த காலத்தில் உள்ளே போட்டது கருமருந்து. அது குண்டைப் பிடித்துத் தள்ளும். இன்றைய புகையில்லா மருந்து அப்படி இல்லை, ஓங்கி அடிக்கும். அந்தக் காலத்து இரும்பு தள்ளுவதைத் தாங்கும், அடிப்பதைத் தாங்காது. கடையில் வாங்குகிற இன்றைய தோட்டாவின் பெட்டியிலும் அதே எண்தான் போட்டிருக்கும். அகலமும் அதேதான். மருந்து மட்டும் வேறு. துளைக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? அது கதவு மாதிரி, வருகிற எல்லாரையும் விடும்.

லெஸ்ஸின் முறை எனக்கு மனப்பாடம். முதலில், வெறும் துவக்கா என்று பார்ப்பது. ஒருவர் திறந்து, கண்ணால் பார்த்து, சின்ன விரலை ஒவ்வொரு அறைக்குள்ளும் விட்டுத் தடவி, மற்றவரிடம் கொடுப்பார். மற்றவரும் அதையே திரும்பச் செய்வார். கடையில் இரண்டு பேர் இல்லாவிட்டால் வாடிக்கையாளர்தான் இரண்டாவது ஆள். அடுத்தது, ‘இதற்கு என்ன தோட்டா போடுகிறீர்கள்?’ என்று சொந்தக்காரரை முதலில் கேட்கவே கூடாது. கேட்டால் அவர் சொன்ன பதில் எங்கள் அளவுகோலுக்குள் புகுந்துவிடும் என்பார் லெஸ். அளந்த பிறகு கேட்கலாம்.

அளப்பது என்றால், கொதிநீர்ச் சூட்டிலேயே உருகுகிற ஓர் உலோகம் இருக்கிறது, அதை அறைக்குள் வார்த்து, இறுகியதும் தட்டி எடுத்தால் அறையின் உள்வடிவம் அப்படியே கைக்கு வரும். அதை மைக்ரோமீற்றரில் அளப்போம். பிறகு சிலிண்டர் எவ்வளவு ஆடுகிறது, ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேரே வந்து நிற்கிறதா என்பதெல்லாம் பார்ப்போம். கடைசியில் சாயம். அதைப் பின்னால் சொல்கிறேன், அதில்தான் கதையே இருக்கிறது.

எல்லாம் முடிந்தால் ஓர் அட்டை எழுதி, விசையைச் சுற்றியிருக்கிற வளையத்தில் நூலால் கட்டுவோம். வெள்ளை அட்டை என்றால் இன்ன தோட்டா, இன்ன மருந்து, இதைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று அர்த்தம். சிவப்பு அட்டை என்றால் சுடவே கூடாது. அட்டையில் அளந்தவர் கையெழுத்துப் போடவேண்டும். வெள்ளை அட்டையில் கையெழுத்துப் போட்டவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. சொந்தக்காரர் முதல் ஆறு வெடி சுடும்போது, அவருடைய தோளுக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். “உன் கையெழுத்தை நீயே நம்பாவிட்டால் அவன் எப்படி நம்புவான்?” என்பார் லெஸ். இந்த ஒரு விதியாலேயே எங்கள் கடையில் யாரும் அவசரக் கையெழுத்துப் போட்டதில்லை. பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் ஊரில் சொல்வதை அந்த வெள்ளைக்காரர் ஒரு விதியாகவே செய்து வைத்திருந்தார்.

இன்னொரு விதியும் அவரிடம் இருந்தது. சிவப்பு அட்டைக்கு விளக்கம் சொல்லக்கூடாது. விளக்கம் சொல்லத் தொடங்கினால் மனிதர்கள் பேரம் பேசுவார்கள் என்பது அவருடைய எண்ணம். இருபது வருடம் நானும் அப்படியே நடந்தேன்.

டொக்டர் நகுலன் வந்தபோது லெஸ்ஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் கடைக்கு வருவார். அட்டைகளில் கையெழுத்து என்னுடையதுதான்.

டொக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். வெஸ்ட்மீட் பக்கம் கண் ஆப்பரேஷன் செய்கிறவர். எங்கள் ஆட்களில் வயதுபோன அரைவாசிப் பேருக்குக் கண்ணில் புரை எடுத்தவர் அவர்தான். சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். லைசென்ஸ், கிளப் கடிதம், பூட்டிய பெட்டி எல்லாம் ஒழுங்காகக் கொண்டு வந்திருந்தார். பெட்டிக்குள் அமெரிக்காவில் செய்த ரிவோல்வர், நூற்றிருபது வயது சொல்லலாம். யாரோ இறந்துபோன சேகரிப்பாளரின் பொருள்களை ஏலம் விட்டபோது எடுத்திருக்கிறார். இரும்புக்கு ஏற்றின நீலம் கொஞ்சமும் உரியவில்லை. பார்க்க அவ்வளவு அழகு.

இருவரும் விரல் விட்டுப் பார்த்தோம். வெறும் துவக்கு.

“அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வர்ற ஞாயிறு கிளப்ல பழைய துப்பாக்கிக்காரங்க எல்லாம் கூடுறோம் சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிக் குடுத்துடுங்க. தோட்டாவெல்லாம் இருக்கு. சும்மா கச்சிதமா உக்காருது. போன வாரம் ஆறு சுட்டுக்கூடப் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகல” என்றார்.

நான் கேட்க முதலே சொல்லிவிட்டார். அதிலும் அந்தச் சொல், கச்சிதம். “டொக்டர், துவக்கை விட்டுட்டுப் போங்கோ. செவ்வாய்க்கிழமை வாங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

வார்த்துப் பார்த்தேன். ரிவோல்வரின் அறைக்குள் வழக்கமாக ஒரு சின்னப் படி இருக்கும். தோட்டாக் கோதின் வாய் அதில் முட்டி நிற்கும். நீளமான தோட்டாவைப் போட்டால் பின்பக்கம் துருத்தும், சிலிண்டர் சுற்றாது. அந்தப் படிதான் காவல்காரன். இந்த ரிவோல்வரில் அந்தப் படியே இல்லை. யாரும் கெடுக்கவில்லை, செய்த காலத்திலேயே நேர்க்குழாய் மாதிரித் துளைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்த அகலத்தில் பலமான தோட்டா இருக்கவில்லை, அதனால் காவலும் தேவைப்படவில்லை. பிறகு வந்த நீளத் தோட்டாக்கள் எல்லாம், மிகப் பலமானது உட்பட, தடையில்லாமல் உள்ளே போகும். டொக்டர் கொண்டு வந்த பெட்டியில் இருந்தது அந்த ரகத்தில் ஒன்று.

பிறகு சாயம் விட்டேன். ஆறு அறைகளில் ஐந்து சுத்தம். ஆறாவதின் வெளிச்சுவரில், சிலிண்டரைப் பிடித்து நிறுத்துகிற சிறு வெட்டுக்குக் கீழே, மயிர் போல ஒரு சிவப்புக் கோடு. வெடிப்பு. கழுவித் துடைத்து, மறுநாள் முதலில் இருந்து திரும்பச் செய்தேன். அதே இடம், அதே கோடு.

சிவப்பு அட்டை எழுதிக் கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை டொக்டர் அட்டையைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. “என்ன சார் இது? ஆறு சுட்டிருக்கேன்னு சொன்னேனே. அதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?”

“ஆறு தரம் தப்பினது ஏழாம் தரத்துக்குச் சாட்சி இல்லை டொக்டர்.”

“நீங்க மெஷின் வேலை பாக்குறவர்னுதான் கோயில்ல சொல்லிக் கேட்டிருக்கேன். துப்பாக்கிக்கு நிபுணர்னு யாரும் சொன்னதில்லையே. ஓனர் எங்க?”

அது எனக்குச் சுட்டது. நான் விதைத்ததைத்தான் அறுத்தேன், ஆனாலும் சுட்டது. நல்ல காலமோ கெட்ட காலமோ, அன்று லெஸ் பின்னறையில் இருந்தார். வந்தார். டொக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துவக்கைத் தொடவே இல்லை. அட்டையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

“இது டில்லியின் கையெழுத்து. டில்லியின் கையெழுத்தை நான் சரிபார்ப்பதில்லை” என்றார். சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார்.

எனக்கு இந்த நாடு ஒரு பட்டயமும் தந்ததில்லை. தந்திருந்தாலும் அந்த ஒரு வசனத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் டொக்டரின் கோபம் அதனால் குறையவில்லை. துவக்கு அவருடைய சொத்து, பிடித்து வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. “சிட்னில நீங்க ஒரு கடைதானா?” என்று கேட்டுப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்ன ஞாயிற்றுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பரமேஸிடம் சொன்னேன். குசினியில் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தவள் அகப்பையோடு திரும்பினாள்.

“ஐயோ, இன்னும் மூண்டு கிழமையில என்ர கண்ணில கத்தி வைக்கப்போற மனுசன். அவரோடயே கொளுவினீங்கள்? கோவத்தில அவற்ற கை நடுங்கினா என்ன செய்யிறது?”

“கை இருந்தாத்தானே நடுங்கிறதுக்கு” என்றேன்.

பகிடியாகச் சொல்ல நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். புரை மூடிய கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்தேனோ.

“உண்மையாவே வெடிக்குமோ?”

“எப்ப எண்டு தெரியாது. வெடிக்கும்.”

“அப்ப ஏன் அந்தக் கோட்டை அவருக்குக் காட்டேல்லை?”

“காட்டிற வழக்கம் இல்லை. லெஸ் விடமாட்டார்.”

“நல்ல வழக்கம்! எனக்குப் புரை எண்டு அந்த டொக்டர் சொல்லேக்க நான் நம்பினனானோ? இல்லை. கண்ணுக்குள்ள படம் எடுத்து, இஞ்ச பாருங்கோ அம்மா எண்டு காட்டின பிறகுதானே ஓம் எண்டனான். காட்டுங்கோ. லெஸ் ஏசினா வாங்குங்கோ.”

துவக்கு என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாதவள். அவள்தான் எனக்கு வழி சொன்னாள்.

மறுநாள் டொக்டரின் கிளினிக்குக்கு ரெலிபோன் எடுத்தேன். வரவேற்பில் இருந்த பிள்ளையிடம் துவக்கு என்று சொல்ல முடியுமா? “கோயிலில் சந்திக்கிற தில்லையம்பலம், பத்து நிமிடம் போதும், பெட்டியையும் கொண்டு வரச் சொல்லுங்கோ” என்று செய்தி வைத்தேன். வியாழன் முழுக்கப் பதில் இல்லை. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் நான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெள்ளி மாலை கடையைப் பூட்டப் போகிற நேரத்தில் டொக்டர் வந்தார். பெட்டி கையில் இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

“பத்து நிமிஷம்னு சொன்னீங்க” என்றார்.

லெஸ் அன்று வரும் நாள் இல்லை, ஆனால் வந்திருந்தார். நான் சாயப் புட்டிகளை முன்மேசைக்கு, வாடிக்கையாளர் நிற்கிற இடத்துக்குக் கொண்டு வந்து வைப்பதைக் கண்டார். புருவத்தை உயர்த்தினார். இருபது வருடத்தில் அவருடைய விதி ஒன்றை நான் முதன்முதலாக அவர் கண் முன்னால் மீறினேன். கண்ணாடியைக் கழற்றத் தொடங்கினார். ஆனால் தடுக்கவில்லை.

டொக்டரும் நானும் விரல் விட்டுப் பார்த்தோம். சிலிண்டரைக் கழற்றினேன். எண்ணெய்ப் பசை ஒன்றும் இல்லாமல் துடைத்தேன். சிவப்புச் சாயத்தைப் பூசினேன். முழுச் சிலிண்டரும் குங்குமம் அப்பிய மாதிரி ஆயிற்று. “இனிப் பத்து நிமிசம் சும்மா இருக்கவேணும். வெடிப்பு இருந்தா சாயம் உள்ளுக்கு இறங்கும்” என்றேன். டொக்டர் தலையைக் குனிந்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

பிறகு சாயம் முழுவதையும் துடைத்தேன். பழையபடி வெறும் இரும்பு. ஒன்றும் இல்லை. டொக்டரின் உதடு ஒரு பக்கம் சுழித்தது. வெள்ளைத் தூளை அதன் மேல் விசிறினேன். சிலிண்டர் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்தது. காத்திருந்தோம். ஆறாவது அறையின் வெளிச்சுவரில், அந்த வெட்டுக்குக் கீழே, ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. புள்ளி நீண்டது. நீண்டு கோடாகி நின்றது.

டொக்டர் மேசை மேல் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நோயாளியின் கண்ணை அப்படித்தான் பார்ப்பார் போல.

“இது... நாங்களும் இதேதான் பண்றோம்” என்றார். குரல் மாறியிருந்தது. “கண்ணுல கீறல் இருக்கான்னு பார்க்க சாயம் விடுவோம். கீறல் இருந்தா அங்க மட்டும் நிக்கும். எத்தனை பேருக்கு விட்டிருக்கேன்.”

“இஞ்ச அந்தக் கண் இந்தச் சிலிண்டர்தான் டொக்டர்.”

அவர் நிமிர்ந்தார். வலது கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

“ஆறு சுட்டேன் சார்.”

“ஓம்.”

“அந்த ஆறுல ஒண்ணு இதே அறைலதானே சுட்டிருப்பேன்.”

“ஓம் டொக்டர்.”

லெஸ் உள்ளே போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்தார். கடையில் வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் தன் கையால் கோப்பி போட்டதை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை. டொக்டர் போன பிறகு என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார். “அந்தப் புட்டிகள் இனி முன்மேசையிலேயே இருக்கட்டும்.” அவ்வளவுதான். இன்றைக்கும் ஜெனியின் கடையில் அவை முன்மேசையில்தான் இருக்கின்றன. சிவப்பு அட்டை வாங்குகிற எவருக்கும் காரணத்தைக் காட்டித்தான் கொடுக்கிறார்கள். ஜெனிக்கு எழுதிய இரண்டு பக்கத்தில் அது கடைசி வரி. என் பேர் அதில் இல்லை, ஆனால் அது என் வரி. பரமேஸின் வரி என்றும் சொல்லலாம்.

டொக்டர் அந்தச் சிலிண்டரைக் கடைக்கே கொடுத்துவிட்டார். சிவப்பு அட்டையோடு அதே பிஸ்கட் தகரத்துக்குள் கிடக்கிறது. வெடித்தது ஒன்று, வெடிக்கவிடாமல் மறித்தது ஒன்று. ஒரு வருடம் கழித்து அவருக்கு நல்ல ரிவோல்வர் ஒன்று தேடிக் கொடுத்தேன். அதற்கு வெள்ளை அட்டை. அந்தக் காலத்துக் குட்டைக் கோது, மெல்லிய ஈயக் குண்டு, கருமருந்து குறைந்த அளவு, வேறொன்றும் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் ஆறு வெடிக்கும் அவருடைய வலது தோளோடு ஒட்டி நின்றேன். புகை அடங்கியதும், “கண்ணத் தொறங்க சார்” என்று சிரித்தார். மூடியிருக்கவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறேன்.

பரமேஸின் ஆப்பரேஷன் குறித்த நாளில் நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “இவ்வளவு நரைச்சுப் போனீங்களோ?”

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம், ஜெனி கேட்ட அந்த இரண்டு பக்கத்தை எழுதி முடித்த கிழமை, மேய்ஸ் ஹில் கோயிலில் அன்னதானத்துக்கு உட்கார்ந்திருந்தோம். எதிரே ஓர் இளம் குடும்பம், வந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம். கதைத்துக்கொண்டிருந்த இடையில் அந்தப் பிள்ளை கேட்டாள். “அங்கிள், என்ன வேலை செய்தனீங்கள்?”

முப்பது வருடப் பழக்கம். வாய் தானாகவே ‘மெஷின்’ என்று தொடங்கிவிட்டது. பரமேஸ் என் முழங்கையில் தட்டினாள்.

“துவக்குத் திருத்தினவர்” என்றாள். நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி. பக்கத்தில் சோறு போட்டுக்கொண்டு நின்றவர் கரண்டியோடு நின்றுவிட்டார். அவள் விடவில்லை. “முப்பத்தொரு வருசம் பிள்ளை. இவர் கையெழுத்துப் போட்ட ஒரு துவக்கும் ஒருத்தற்ற விரலையும் எடுக்கேல்லை. என்ர இந்த ரெண்டு கண்ணையும் திறந்த கை இருக்கே, அதுவும் இவர் காப்பாற்றின கைதான்.”

சாம்பார் உறைப்பு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். உறைப்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இப்போது அவளுக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது.